ஒரு நாணயம் இருந்தால் கொடுங்களேன்

விருந்துக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரு ரப்பர் பேண்டும் இரண்டு பேப்பர் கிளிப்பும் போட்டுக்கொள்வது எனக்குப் பல வருடப் பழக்கம். மற்றதெல்லாம் போகிற இடத்திலேயே கிடைத்துவிடும். நாணயம், நோட்டு, தம்ளர், பழைய செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர் என்று எது வேண்டுமானாலும் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்வேன். இப்படி இரவல் வாங்கும்போதே வித்தையின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. தன் பையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்த நாணயத்தின் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வராது. தன் பொருளுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று கொஞ்சம் முன்னால் நகர்ந்தும் உட்கார்ந்துகொள்வார்.

ஆரம்பத்தில் கடையில் விற்கிற மேஜிக் பெட்டிகளைத்தான் நானும் வாங்கினேன். ரகசிய அடிப்பாகம் வைத்த டப்பா, குழாய், பளபளவென்ற துணிகள். அதை வெளியே எடுத்ததுமே எல்லார் கண்ணும் டப்பாவின் மேல்தான் நிற்கும். “அதைக் கொஞ்சம் கொடுங்க, பார்க்கிறேன்” என்று ஒரு கை நீளும். கொடுக்க முடியாது. அந்த இடத்திலேயே வித்தை செத்துவிடும். நாணயத்தை யாரும் அப்படிக் கேட்பதில்லை, கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது நாணயத்தை மறைப்பது. வித்தைக்காரர்கள் ‘பிரெஞ்சு டிராப்’ என்று சொல்லும் முறை இது. இடது உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, நாணயத்தின் விளிம்பைக் கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் நடுவில் படுக்கையாகப் பிடியுங்கள். வலது கை அதை எடுக்க வருகிறது. அதன் கட்டைவிரல் நாணயத்துக்கு அடியில் போகிறது, மற்ற விரல்கள் மேலே வந்து எதிரில் இருப்பவரின் பார்வையை மறைக்கின்றன. மறைத்த அந்தக் கணத்தில் இடது கட்டைவிரல் பிடியை விடுகிறது. நாணயம் இடது கைக்குள்ளேயே விழுகிறது. வலது கை எதையோ பிடித்துக்கொண்டதுபோல மூடிக்கொண்டு விலகிப் போகிறது. அவ்வளவுதான் செய்கை. பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்ற முடியாது. நான் பல வாரம் வீட்டில் முயன்றும் எல்லாரும் இடது கையைத்தான் காட்டினார்கள். பிறகு ஒரு நாள் உண்மையாகவே நாணயத்தை வலது கையால் எடுத்துப் பார்த்தேன். இருபது முப்பது தடவை, எந்தத் தந்திரமும் இல்லாமல், சும்மா எடுப்பது. அப்போதுதான் தெரிந்தது. உண்மையாக எடுக்கும்போது என் கண் வலது கையோடு கூடவே போகிறது. வேலை முடிந்த இடது கை தளர்ந்து கீழே இறங்குகிறது. போலியாக எடுக்கும்போதோ என் கண் இடது கையிலேயே நிற்கிறது, அந்தக் கையும் விறைத்துப்போய் நடுவானில் தொங்குகிறது. பார்ப்பவருக்கு வேறென்ன துப்பு வேண்டும்?

கண்கட்டு வித்தை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே முழுப் பாடமும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் கண்ணைக் கட்டுவது என் கண்தான். நான் எதைப் பார்க்கிறேனோ அதையே அவரும் பார்ப்பார்.

இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்திருக்கிறார்கள். வித்தை பழகிய உளவியல் ஆய்வாளர் குஸ்டாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்பவரோடு சேர்ந்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார், மறுபடி எறிகிறார், கடைசியில் எறிவதுபோல பாவனை மட்டும் செய்கிறார். பந்து கையிலேயே இருக்கிறது. பாவனை செய்யும்போது அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தால், பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே போய் மறைந்ததாக உணர்ந்தார்கள். கையையே பார்த்துக்கொண்டு அதே பாவனையைச் செய்தபோது இது 32 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கை செய்தது ஒன்றேதான். பார்வை மாறியதால் மேலே போகாத பந்தைப் போனதாகப் பார்த்தவர்கள் தொகை இரண்டு மடங்காகிவிட்டது. இதைப் படித்த பிறகு நான் விரல் பயிற்சிக்குச் செலவழித்த நேரத்தில் பாதியைப் பார்வைக்குக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். எல்லாரும் கண்ணாடி முன்னால் பழகச் சொல்வார்கள். கைகளின் கோணத்தைச் சரிபார்க்கக் கண்ணாடி நல்லதுதான். பார்வையைச் சரிபார்க்க அது உதவாது. கண்ணாடியில் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் நான் கண்ணாடியைத்தான் பார்த்தாக வேண்டும். கையைத் தொடர முடியாது. போனை எதிரே நிறுத்தி வீடியோ எடுத்துப் பாருங்கள். நான் முதல் வீடியோவில் கண்டது இன்னொரு குறை: நாணயம் விழுகிற நொடியில் ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தேன். புதிதாகப் பழகுகிறவர்கள் பலருக்கும் இது உண்டு. சிமிட்டாமல் இருக்க முயன்றால் சரியாகாது. அந்த நொடியில் எதையாவது பேசிக்கொண்டிருந்தால் தானாகப் போய்விடுகிறது.

இன்னொன்று, மூடிய வலது கையை உடனே திறந்துவிடாதீர்கள். இரண்டு மூச்சு நேரம் விரல்களை மெல்லத் தேய்த்துக்கொண்டிருங்கள். பார்ப்பவர் மனதில் நாணயம் அந்தக் கைக்குள் போய் நன்றாக உட்காரட்டும். உட்காராத நாணயம் மறையவும் செய்யாது.

சரி, நாணயம் மறைந்தது. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்பது வித்தை காட்டும் எவருக்கும் தெரியும்.

“இன்னொரு தடவை காட்டுங்களேன்!”

காட்டக் கூடாது. முதல் தடவை என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் எங்கே பார்ப்பது என்றும் தெரியாது. இரண்டாம் தடவை இரண்டும் தெரியும். எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று உலகப் புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹாரி ஹௌடினியே சவால் விட்டிருந்தார். 1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற இளைஞர் அந்தச் சவாலை ஏற்றார். ஹௌடினி அடையாளம் இட்ட சீட்டைக் கட்டுக்குள் செருக, அது மறுபடி மறுபடி மேலே வந்து நின்றது. மூன்று தடவைக்கு மேலும் காட்டினார். ஹௌடினியால் பிடிக்க முடியவில்லை. அது வெர்னன். வீட்டு விருந்தில் நாணயம் காட்டுகிற நமக்கு ஒரு தடவைதான் பாதுகாப்பு.

ஆனால் கூட்டம் விடாது. அதனால் திரும்பத் திரும்பக் காட்டினால் வலுக்கூடுகிற ஒரு வித்தையைக் கைவசம் வைத்திருப்பேன். விரல் சாமர்த்தியம் துளியும் வேண்டாம். எனக்குத் தெரிந்ததிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆறேழு நாணயங்களை மேசையில் கொட்டச் சொல்லுங்கள். தலை மேலே இருப்பவை எத்தனை என்று ஒரு பார்வை பாருங்கள். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது தெரிந்தால் போதும். அப்புறம் மேசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள். “எந்த நாணயத்தை வேணும்னாலும் புரட்டுங்க. ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் ‘புரட்டினேன்’னு மட்டும் சொல்லுங்க. ஒரே நாணயத்தைப் பத்துத் தடவை புரட்டினாலும் பரவாயில்லை.” அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனதுக்குள் ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். போதும் என்று தோன்றும்போது அவர் நிறுத்தட்டும். ஏதாவது ஒரு நாணயத்தைக் கையால் மூடிக்கொள்ளட்டும். இப்போது திரும்பி, வெளியே தெரியும் தலைகளை எண்ணுங்கள். மனக்கணக்கோடு ஒத்துப்போனால் மூடியிருப்பது பூ. ஒத்துப்போகாவிட்டால் தலை.

ஒரு நாணயத்தைப் புரட்டினால் தலைகளின் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். எப்படியானாலும் ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். இதில் எந்த மறைவும் இல்லை. நான் நாணயத்தைத் தொடவே இல்லை. ஒரு தடவை சரியாகச் சொன்னால் அதிர்ஷ்டம் என்பார்கள், பூவா தலையா என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டே. நான்கு தடவை சரியாகச் சொல்லும்போது அறையில் பேச்சு நின்றுவிடும். எல்லாவற்றையும் செய்தவர் அவர். தன் விருப்பப்படி புரட்டினார், தானே நிறுத்தினார், தானே மூடினார். அவருடைய முகத்தில் வருகிற அந்தத் திகைப்பு, நாணயத்தை நான் என் கையில் மறைக்கும்போது வருவதில்லை.

இதே வகையில் எண் வித்தை ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். மூன்று இலக்க எண் ஒன்றை நினைக்கச் சொல்வது. முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வித்தியாசம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 732 என்று வைத்துக்கொள்வோம். திருப்பிப் போட்டால் 237. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 495. அதைத் திருப்பிப் போட்டுக் கூட்டினால், 495 + 594 = 1089. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1089தான். கழித்து வருவது எப்போதும் 99இன் மடங்கு. அதன் நடு இலக்கம் 9, இரு ஓர இலக்கங்களைக் கூட்டினாலும் 9. அதனால் விடை வேறாக வர வழியே இல்லை. ‘1089’ என்று உறையில் எழுதிவைத்துக் காட்டினால் கணக்குத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நான் எண்ணைச் சொல்வதே இல்லை. விருந்து வீட்டு அலமாரியில் இருக்கிற ஒரு தடித்த புத்தகத்தில் 108ஆம் பக்கத்தின் 9ஆம் வரியை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்வேன். விடையின் முதல் மூன்று இலக்கம் பக்கம், கடைசி இலக்கம் வரி என்று சொல்லி, அவரையே புரட்டிப் படிக்கச் சொல்வேன். அவர் மனதுக்குள் படித்ததை நான் மெதுவாகச் சொல்வேன்.

தண்ணீர் நிறைந்த தம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்ப்பது, உப்புத் தூவி நூலால் பனிக்கட்டியைத் தூக்குவது போன்றவற்றை நான் வித்தையாகக் காட்டுவதில்லை. அவை இயற்கையின் வேலை. குழந்தைகளுக்குக் காட்டும்போது காற்றழுத்தம் என்றும், உப்பு பனியை உருக்கி மறுபடி உறைய விடுகிறது என்றும் உள்ளதைச் சொல்லிக் காட்டினால் அவர்கள் இன்னும் ஆர்வமாகப் பார்க்கிறார்கள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கென்றே ஒரு பழைய வித்தை உண்டு. தம்ளர் மேசையைத் துளைத்துக்கொண்டு கீழே போவது. கண்ணாடித் தம்ளரைத் தொடாதீர்கள், எவர்சில்வர் போதும். ஒரு நாணயத்தை இரவல் வாங்கி மேசையில் வைத்து, “இந்த நாணயம் மேசைக்குள்ளே போகப்போகுது” என்று சொல்லுங்கள். தம்ளரைக் கவிழ்த்து அதை மூடுங்கள். தம்ளரின் மேல் செய்தித்தாளை இரண்டாக மடித்துப் போர்த்தி, தம்ளரின் வடிவம் தாளில் பதிகிற மாதிரி நன்றாக அழுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தாளோடு தம்ளரைத் தூக்கிப் பார்த்தால் நாணயம் அங்கேயே இருக்கிறது. மறுபடி மூடுங்கள், மறுபடி தூக்குங்கள். அப்போதும் இருக்கிறது. “தலை மேலே இருக்கே, அதான் போகலை. பூவைத் திருப்பி வைங்க” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் திருப்புகிறார், எல்லாரும் அந்த நாணயத்தையே பார்க்கிறார்கள். தாளோடு உங்கள் கை மேசை விளிம்புக்கு வந்திருக்கிறது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் தம்ளர் தாளுக்குள்ளிருந்து நழுவி மடியில் விழும். தாள் மட்டும் தம்ளரின் வடிவத்தில் நிற்கும். அதைக் கொண்டுபோய் நாணயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. தாள் தட்டையாக நசுங்கும்போது அந்த மேசையில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! நாணயத்துக்குக் காவல் இருந்தவர்கள் கண்முன்னால் தம்ளர் காணாமல் போயிருக்கும்.

முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மடியில் ஒரு துண்டோ துப்பட்டாவோ இருந்தால் சத்தம் வராது. கடைசியில் மேசைக்கு அடியிலிருந்து தம்ளரை எடுத்து வைக்கும்போது அவசரமே வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது நான் வருந்துகிற ஒரு விஷயம்.

டிஷ்யூ பேப்பரை உருட்டி உருண்டையாக்கி, உட்கார்ந்திருக்கும் ஒருவர் முகத்துக்கு முன்னால் கையில் மூடிக் கையை மேலும் கீழும் அசைப்பது. மேலே போகிற ஒரு வீச்சில் உருண்டையை அவர் தலைக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்துவிட வேண்டும். கையைத் திறந்தால் உருண்டை இல்லை. அவரைத் தவிர அறையில் இருக்கிற எல்லாருக்கும் அது எங்கே போகிறது என்று தெரியும். டோனி ஸ்லைடினி என்ற பெரிய கலைஞர் இதைப் புகழ்பெறச் செய்தார். ஒவ்வொரு உருண்டையும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும், சிரிப்பும் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஒரு விருந்தில் நண்பருடைய அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து இதைச் செய்தேன். அமைதியான மனிதர். ஐந்து உருண்டை. ஐந்தும் மறைந்தன. குழந்தைகள் தரையில் விழுந்து சிரித்தார்கள், பெரியவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அன்று மிக நல்ல நாள் என்று நினைத்தேன். கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “எல்லாரும் எதுக்கு அவ்வளவு சிரிச்சாங்க தம்பி?”

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “ஓ, சரி” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த “ஓ, சரி” பல நாள் என் காதிலேயே இருந்தது. வித்தை என்பது எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கிற ஒன்று என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அவரிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வித்தையை நான் விட்டுவிடவில்லை, முடிவை மாற்றிவிட்டேன். மூன்றாவது உருண்டைக்குப் பிறகு நாற்காலியில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். பின்னால் தரையில் உருண்டைகள் கிடக்கும். அவர் சிரித்து முடித்ததும் எழுப்பி, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டு, அடுத்த உருண்டையை என் தலைக்கு மேல் எறியச் சொல்வேன். பெரும்பாலும் முதல் எறி என் நெற்றியில் படும். இப்போது சிரிப்பவர்களில் முதல் ஆள் அவர்.

நோட்டும் கிளிப்பும் யாரையும் புண்படுத்தாத வித்தை. நோட்டை ‘இசட்’ வடிவில் மூன்றாக மடிக்க வேண்டும். முன்பக்க மடிப்பையும் நடுப்பகுதியையும் சேர்த்து மேல் விளிம்பில் ஒரு கிளிப். பின்பக்க மடிப்பையும் நடுப்பகுதியையும் சேர்த்து இன்னொரு கிளிப். ஒவ்வொரு கிளிப்பும் இரண்டு அடுக்கைத்தான் பிடித்திருக்க வேண்டும், மூன்றையும் பிடித்தால் வராது. நோட்டின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் கிளிப்புகள் நெருங்கி வந்து, ஒரு துள்ளலோடு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விழும். முதலில் மெதுவாகவும் கடைசி அங்குலத்தில் சட்டென்றும் இழுக்க வேண்டும். இதை எப்போதும் நோட்டுக்குச் சொந்தக்காரரையே இழுக்கச் சொல்வேன். கோத்த கிளிப்பை அவரே வைத்துக்கொள்ளட்டும். அதனால்தான் ஒவ்வொரு விருந்துக்கும் புதிதாக இரண்டு கிளிப் கொண்டுபோகிறேன்.

ரகசியத்தைச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். இது புதுக் கேள்வியில்லை. செப்பிடு வித்தை என்று தமிழில் ஒரு பழைய சொல் உண்டு. செப்பு என்றால் சிறு கிண்ணம், சிமிழ். கிண்ணத்துக்கு அடியில் வைத்ததை மறையவைக்கும் இதே வித்தையை முதல் நூற்றாண்டு ரோமில் வாழ்ந்த தத்துவஞானி செனெகாவும் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். அந்த ஏமாற்றுதான் தனக்கு இன்பம் என்றும், எப்படி என்று காட்டிவிட்டால் ஆர்வம் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார். வேடிக்கை பார்க்கிறவருக்கு அவர் சொன்னது சரி. ஆனால் கற்றுக்கொள்ளும் ஆசையால் கேட்கிறவர்களும் உண்டு. தெரிந்துகொண்டால் அவர்கள் ஆர்வம் கூடுகிறது. இந்த இரண்டு பேரையும் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். முதல் ஆள் “எப்படி?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். இரண்டாவது ஆள் கேட்கும்போதே விரல்கள் அசைந்துகொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ரப்பர் பேண்ட் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். இடது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பேண்டை மாட்டிக்கொண்டு, உள்ளங்கைப் பக்கம் இழுத்து, நான்கு விரல்களின் நுனியையும் அந்த வளையத்துக்குள் மடக்கிக் கையை மூட வேண்டும். புறங்கையைப் பார்க்கிறவருக்குப் பேண்ட் இரண்டு விரலில் இருப்பதாக மட்டுமே தெரியும். விரல்களை விரித்தால் அது மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தாவிவிடும். அவள் விரல்கள் சின்னவை. என்னுடைய பேண்ட் தொளதொளவென்று இருந்தது. எனவே அவளே தலைமுடிக்குப் போடுகிற மெல்லிய பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வீட்டில் ஒரு பிறந்தநாள். கூடத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, அவள் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். “மாமா, இதைப் பாருங்க.” எனக்குத் தெரிந்த வித்தை, நான் கற்றுக்கொடுத்த வித்தை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். அவள் விரல்களை மடக்கிக்கொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “உங்க பேரை மனசுக்குள்ள சொல்லுங்க” என்றாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். கீழே பார்ப்பதற்குள் பேண்ட் தாவியிருந்தது.

“இன்னொரு தடவை காட்டும்மா” என்றேன்.

பேண்டைக் கழற்றித் தலைமுடியில் போட்டுக்கொண்டாள். “ஒரு தடவைதான், மாமா.”